துப்பாக்கிக் குண்டும் அறுவை மருத்துவரின் மனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க நகரங்களில் துப்பாக்கியால் சுடப்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் அறுவை மருத்துவர்களின் மனநிலையைப் பற்றி மருத்துவ மாணவர்களும், அத்துறையில் பணிபுரிவோரின் குடும்பத்தினரும், செய்தி படித்துக் கலங்கும் பொதுவாசகர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. இம்மருத்துவர்கள் படும் துயரத்தை மனவலிமைக் குறைவாகப் பார்ப்பது தவறு. தடுத்திருக்கக்கூடிய மரணங்களை இடைவிடாமல் எதிர்கொள்ள வேண்டியிருப்பதே அத்துயரத்தின் வேர் என்ற புரிதலோடு இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன.

ட்ராமா அறுவை மருத்துவர் என்பவர் யார்?

சாலை விபத்து, உயரத்திலிருந்து விழுதல், கத்திக்குத்து, துப்பாக்கிச் சூடு ஆகியவற்றால் காயமுற்று வருபவர்களை முதலில் ஏற்று, தேவைப்பட்டால் அந்த நிமிடமே வயிற்றையோ நெஞ்சையோ திறந்து ரத்தப்போக்கை நிறுத்துபவர் அவர். பொது அறுவை மருத்துவத்தில் பல ஆண்டுப் பயிற்சியை முடித்தபின், காயச் சிகிச்சையிலும் தீவிர சிகிச்சையிலும் மேற்கொண்டு பயில்கிறார். அமெரிக்காவில் இதற்கெனத் தனிப் பிரிவுகள் எழுந்த வரலாற்றில் சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனை 1966ஆம் ஆண்டு தொடங்கிய பிரிவுக்கு முக்கிய இடம் உண்டு. இன்று 'முதல் நிலை' எனத் தரம்பெற்ற மையங்களில் இரவு பகல் எந்நேரமும் அறுவைச் சிகிச்சைக் குழு ஆயத்தமாக இருக்க வேண்டும்.

புற்றுநோய்க் கட்டியை அகற்றும் மருத்துவர் நோயாளியை முன்னதாகவே சந்திக்கிறார், பேசுகிறார், என்ன நடக்கக்கூடும் என்று விளக்கி ஒப்புதல் பெறுகிறார். ட்ராமா மருத்துவரோ பெயரே தெரியாத ஒருவரின் நெஞ்சைத் திறக்கிறார். அந்தப் பெயர் பல வேளைகளில் உயிர் பிரிந்த பிறகுதான் அவருக்குத் தெரியவருகிறது.

அமெரிக்காவை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவது ஏன்?

போர் நடக்காத ஒரு செல்வ நாட்டில் இவ்வளவு பேர் துப்பாக்கியால் இறப்பது வேறெங்கும் இல்லை. 2021ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 48,830 பேர் துப்பாக்கியால் இறந்தார்கள். அவர்களில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். 20,958 பேர் பிறரால் கொல்லப்பட்டவர்கள். 2020ஆம் ஆண்டு முதல், 1 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளின் மரணத்துக்கு முதற்காரணமாகத் துப்பாக்கி ஆகிவிட்டது. அதுவரை அந்த இடத்தில் சாலை விபத்து இருந்தது.

தற்கொலைக்குத் துப்பாக்கியை எடுப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் இறந்துவிடுவதால், அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனை வரை வருவதில்லை. எனவே அறுவை மருத்துவர் தம் மேசையில் காண்பது இந்தப் பேரிழப்பின் ஒரு பகுதியை மட்டுமே. அப்பகுதியில் இளைஞர்களே மிகுதி.

குண்டு உடலுக்குள் என்ன செய்கிறது? அதை அறிவதற்கும் மருத்துவரின் மனநிலைக்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு உண்டு. கைத்துப்பாக்கிக் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 300 முதல் 400 மீட்டர் வேகத்தில் வருகிறது. தான் கடந்து செல்லும் பாதையில் உள்ளதைத்தான் பெரும்பாலும் கிழிக்கிறது. அப்பாதையில் பெருந்தமனியோ இதயமோ இல்லையென்றால், நோயாளி நேரத்தோடு வந்து சேர்ந்தால், காப்பாற்ற வழி உண்டு. ஏ.ஆர்.-15 வகை நீள்துப்பாக்கியின் குண்டு இதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் வருகிறது. குண்டின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அது செல்லும் பாதையைச் சுற்றியுள்ள தசையும் உறுப்புகளும் கணநேரம் விரிந்து சிதைகின்றன. அத்தகைய குண்டு கல்லீரலைத் தாக்கினால், தையல் போடுவதற்கு உறுதியான திசுவே மிஞ்சாமல் போகலாம்.

கற்ற கலை அத்தனையும் கைவசம் இருந்தும், அதைச் செலுத்துவதற்கு உடலில் இடமில்லாத நிலை இது. 2022 மே 24 அன்று டெக்சஸ் மாநிலத்தின் யுவால்டி ஊரில் ஒரு தொடக்கப்பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டனர். அவ்வூர்க் குழந்தை மருத்துவரான ராய் குரேரோ இரு வாரம் கழித்து நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது, உடல் உருக்குலைந்துபோன இரு குழந்தைகளை அவர்கள் உடுத்தியிருந்த கார்ட்டூன் படம் போட்ட உடையைக் கொண்டே அடையாளம் காண முடிந்தது என்றார். அவர் அவ்வூரிலேயே வளர்ந்து, அதே பள்ளியில் படித்தவர். படிப்பும் அனுபவமும் பயனற்றுப் போகும் அத்தகைய நேரத்தில் ஏற்படும் கையறுநிலை, களைப்பைப் போல ஓய்வெடுத்தால் தீர்ந்துவிடுவதில்லை.

சிகிச்சை நடக்கும் நிமிடங்களில் மருத்துவர் என்ன உணர்கிறார்?

அநேகமாக எதையும் உணர்வதில்லை. பயிற்சியின் நோக்கமே அதுதான். மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் என்று வரிசை வைத்துப் பார்க்கப் பழக்கியிருக்கிறார்கள். எத்தனை துளைகள் உள்ளன, அவற்றுள் குண்டு நுழைந்தது எது, வெளியேறியது எது, எந்தக் குண்டு உள்ளேயே தங்கிவிட்டது என்று மனம் கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. பிலடெல்பியா போன்ற நகரங்களில் ஆம்புலன்சுக்குக் காத்திராமல் காவலர்களே தங்கள் வண்டியில் காயமுற்றோரை அள்ளிக்கொண்டு வந்துவிடுவதால், முன்னறிவிப்புகூட இல்லாமல் போவதுண்டு.

இதயம் நின்றுவிட்டால், சில சமயம் அவசரப் பிரிவிலேயே இடப்பக்க விலாவெலும்புகளுக்கு இடையே கீறி நெஞ்சைத் திறந்து, பெருந்தமனியை இடுக்கியால் அடைத்து, இதயத்தைக் கையால் பிசைந்து ஓடவைக்க முயல்கிறார்கள். துப்பாக்கிக் காயத்துக்காக இப்படி நெஞ்சு திறக்கப்பட்டவர்களில் பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. ஆயினும் செய்கிறார்கள், அந்த ஒருவர் இவராக இருக்கலாம்.

இதயத் துடிப்போடு வந்தவருக்கு வழி வேறு. 1993ஆம் ஆண்டு பிலடெல்பியா மருத்துவர்கள் வகுத்துப் பெயரிட்ட முறைப்படி, எல்லாவற்றையும் ஒரே தடவையில் சரிசெய்ய முயலாமல், ரத்தப்போக்கை மட்டும் நிறுத்தி, வயிற்றைத் திறந்தபடியே மூடாக்கிட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பி, உடல் தேறியபின் மீண்டும் மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரே ஆளுக்குப் பல அறுவைகள் என்பதால், அந்த ஆளோடு மருத்துவருக்கு உறவும் வளர்கிறது. மூன்றாம் வாரம் நோய்த்தொற்றில் அவர் இறந்துபோகும்போது, முதல் நாள் இல்லாத வலி அன்றைக்கு வந்து சேர்கிறது.

அந்த நிமிடங்களில் ஒதுக்கிவைத்த உணர்ச்சி எங்கும் போய்விடுவதில்லை. வீடு திரும்பும் வழியில் சிவப்பு விளக்குக்காகக் காரை நிறுத்தியபோதோ, தம் பிள்ளை தூங்குவதைப் பார்த்து நிற்கும்போதோ அது மேலெழுந்து வருவதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

இவ்வேலையில் மிகக் கடினமான பகுதி எது?

மருத்துவமனையில் நடக்கும் எந்த வேலைக்கும் இல்லாத கனம், குடும்பத்தாரிடம் மரணச் செய்தியைச் சொல்வதற்கு உண்டு என்பதில் இத்துறையினரிடையே கருத்து வேறுபாடு காண்பது அரிது. அவசரப் பிரிவுக்கு அருகில் ஜன்னல் இல்லாத ஒரு சிறு அறை இருக்கும்; சில நாற்காலிகள், ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி. அந்த அறைக்கு அழைத்துச் செல்லப்படும்போதே தாய்க்குப் பாதி புரிந்துவிடுகிறது.

உள்ளே போகுமுன் மருத்துவர் ரத்தம் படிந்த உடுப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். காலணியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இறந்தவரின் பெயரை உறுதி செய்துகொள்ள வேண்டும். பெயர் மாறினால் அதைவிடக் கொடுமை வேறில்லை. உட்கார்ந்து பேச வேண்டும். 'காப்பாற்ற முடியவில்லை', 'எங்களை விட்டுப் போய்விட்டார்' போன்ற மழுப்பலான சொற்களைத் தவிர்த்து, 'இறந்துவிட்டார்' என்ற சொல்லைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கற்பிக்கிறார்கள். நம்பிக்கைக்கு ஒரு இடுக்கு இருந்தாலும் மனம் அதற்குள் நுழைந்துகொள்ளும். பிறகு அதை வெளியே கொண்டுவருவது இன்னும் கொடூரமானது. இந்த அறிவுரை சரியானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்தச் சொல்லை ஆண்டுக்கணக்கில் வெவ்வேறு தாய்மாரிடம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிய ஒருவருக்கு அது என்ன செய்யும் என்பதைப் பாடத்திட்டம் கணக்கில் எடுப்பதில்லை.

செய்தியைக் கேட்டவர்களின் எதிர்வினை எப்படியும் இருக்கலாம். சிலர் தரையில் சரிகிறார்கள். சிலர் சுவரை அடிக்கிறார்கள். சிலர் மருத்துவரையே அடிக்க வருகிறார்கள். சிலர் அமைதியாக நன்றி சொல்கிறார்கள். நன்றியைத்தான் தாங்க முடிவதில்லை என்பது இத்துறையில் பலரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. அதற்கு மேல், கொலை வழக்கில் உடல் சான்றாகிவிடுவதால், மகனைத் தொட்டுப் பார்க்கவும் கட்டியழவும் தாய்க்கு அனுமதி மறுக்கப்படும் சந்தர்ப்பங்கள் உண்டு. அதைச் சொல்லித் தடுக்க வேண்டியவர்களாகவும் மருத்துவமனைப் பணியாளர்களே நிற்கிறார்கள்.

சாலை விபத்திலும் மக்கள் இறக்கிறார்கள். துப்பாக்கிக் காயம் மட்டும் ஏன் வேறுவிதமாகப் பாதிக்கிறது?

விபத்தை யாரும் வேண்டிச் செய்வதில்லை. துப்பாக்கிச் சூட்டில் ஒரு மனிதரின் கை இருக்கிறது. மேலும் அது அதே தெருக்களில், அதே வயதினருக்கு, அதே காரணங்களுக்காகத் திரும்பத் திரும்ப நேர்கிறது. ஒரு முறை காப்பாற்றி அனுப்பப்பட்ட இளைஞர் சில மாதம் கழித்து மீண்டும் குண்டு பாய்ந்து வருவதும், இம்முறை பிழைக்காமல் போவதும் இம்மையங்களில் புதிதல்ல. முதல் தழும்பைத் தம் கைவேலை என்று மருத்துவர் அடையாளம் கண்டுகொள்கிறார்.

இதனால்தான் பல மையங்கள் நோயாளி படுக்கையில் இருக்கும்போதே அவரோடு பேசி, பழிவாங்கும் எண்ணத்தைத் தணித்து, வேலை, படிப்பு, பாதுகாப்பான வீடு ஆகியவற்றுக்கு வழிசெய்யும் திட்டங்களைத் தொடங்கின. கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் 1990களின் நடுப்பகுதியில் தொடங்கிய முயற்சி இவற்றுள் முன்னோடி. அதே சுற்றுப்புறத்தில் வளர்ந்தவர்களையே இதற்கு நியமிப்பது வழக்கம். இத்தகைய திட்டம் உள்ள இடத்தில் அறுவை மருத்துவரின் மனப்பாரமும் ஓரளவு இறங்குகிறது. தைத்து அனுப்பியவரை அதே தெருமுனைக்குத் தனியாக அனுப்பவில்லை என்ற ஆறுதல் சிறிதல்ல.

பலரைச் சேர்த்துச் சுட்ட நாள்களில் என்ன நடக்கிறது?

2016 ஜூன் 12 அதிகாலை, புளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் 'பல்ஸ்' இரவு விடுதியில் 49 பேர் கொல்லப்பட்டனர். அப்பகுதியின் ஒரே முதல் நிலை மையம் சில தெருக்கள் தள்ளியே இருந்தது. 44 பேர் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். ஒன்பது பேர் வந்த சிறிது நேரத்தில் இறந்தார்கள். மற்ற அனைவரும் பிழைத்தார்கள். மருத்துவக் கணக்கில் இது வியக்கத்தக்க சாதனை. அங்குப் பயிற்சியில் இருந்த அறுவை மருத்துவர் ஜோஷுவா கோர்சா, ரத்தம் ஊறிய தம் புதுக் காலணிகளின் படத்தோடு ஒரு குறிப்பு எழுதினார். அந்த ரத்தத்துக்கு உரியவர்கள் எந்த இனத்தவர், யாரை நேசித்தவர்கள் என்று தமக்குத் தெரியாது, வேதனையோடு அலையலையாக வந்தார்கள் என்பது மட்டுமே தெரியும் என்ற பொருளில் அமைந்த அக்குறிப்பு நாடெங்கும் பரவியது. கடைசி நோயாளி வீடு திரும்பும் வரை அவற்றையே அணிந்து வேலை செய்யப்போவதாகவும், பிறகு அவற்றைத் தம் அலுவலறையில் வைத்துக்கொள்ளப்போவதாகவும் அவர் எழுதியிருந்தார்.

2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகஸ் இசை விழாவில் நடந்த சூட்டின்போது, ஒரே மருத்துவமனைக்கு ஒரே இரவில் 200க்கும் மேற்பட்டோர் வந்து குவிந்தார்கள். அத்தகைய வேளையில் யாரை முதலில் எடுப்பது, யாரை விட்டுவிடுவது என்று முடிவெடுக்க வேண்டும். வழக்கமான நாளில் நெஞ்சைத் திறந்து போராடியிருக்கக்கூடிய ஒருவரை, பிழைக்க வாய்ப்பில்லாதவர் என்பதைக் குறிக்கும் கறுப்பு அட்டை கட்டி ஒதுக்கிவைக்க வேண்டிவரும். அம்முடிவு அன்றைக்குச் சரியானதாக இருந்தாலும், 'அவரை எடுத்திருந்தால்?' என்ற கேள்வி பின்னால் வந்துகொண்டே இருக்கும்.

இதற்கு நேர்மாறான துயரமும் உண்டு. 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் சூடு நடந்தபோது, அருகிலிருந்த மருத்துவமனையில் குழுக்கள் தயாராக நின்றன. வந்தவர்கள் மிகச் சிலர். யுவால்டியிலும் அப்படியே, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் சான் அன்டோனியோவில் இருந்த முதல் நிலை மையத்துக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காத்திருக்கும் குழுவினருக்கு நேரம் போகப்போக உண்மை உறைக்கிறது: பிள்ளைகள் வரவில்லை என்றால், கொண்டுவருவதற்கு யாரும் உயிரோடு இல்லை. வெறுமையான படுக்கைகளின் நடுவே கையுறையோடு நின்ற அந்த நேரத்தை மறக்க முடியாது என்று இவ்விரு நிகழ்வுகளுக்கும் பிறகு மருத்துவப் பணியாளர்கள் பேசியிருக்கிறார்கள். செய்தவற்றின் சுமையைப் போலவே, எதையும் செய்ய வாய்ப்பே கிடைக்காததும் ஒரு சுமையாகிவிடுகிறது.

சுட்டவருக்கும் இவர்களே சிகிச்சை அளிக்க வேண்டுமா?

ஆம். 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் நகரில் யூதர்களின் வழிபாட்டுத் தலத்தில் 11 பேரைக் கொன்றவர், காயத்துடன் அலெகெனி பொது மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். அவரைக் கவனித்தவர்களில் யூதர்களும் இருந்தார்கள். அம்மருத்துவமனையின் அப்போதைய தலைவர் ஜெஃப்ரி கோஹன் அதே வழிபாட்டுத் தலத்தைச் சேர்ந்தவர். கொல்லப்பட்டவர்களுள் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவரும் அந்த நோயாளியைச் சென்று பார்த்து, வலி இருக்கிறதா என்று விசாரித்தார். மருத்துவ அறத்தின் உயரத்தை இதில் காண்கிறோம். ஆயினும் அந்த அறத்தைக் கடைப்பிடிப்பவர் அதற்காக உள்ளுக்குள் எவ்வளவு செலவழிக்கிறார் என்பதையும் சேர்த்தே காண வேண்டும்.

மருத்துவரின் இனமும் பின்னணியும் இத்துயரத்தைக் கூட்டுமா?

கூட்டும் என்பதற்கு டாலஸ் நகர மருத்துவர் பிரையன் வில்லியம்ஸ் வெளிப்படையாகப் பேசியதே சான்று. 2016 ஜூலை 7 அன்று அந்நகரில் காவலர்கள் மீது நடந்த தாக்குதலில் ஐவர் கொல்லப்பட்டார்கள். அன்றிரவு பார்க்லேண்ட் மருத்துவமனையில் பொறுப்பில் இருந்தவர் அவர். கறுப்பினத்தவர்; காவலர்கள் வண்டியை மறித்தால் தம் உயிருக்கே அஞ்சியவர்; அதே காவலர்களைக் காப்பாற்றப் போராடித் தோற்றுக் கண்ணீர்விட்டவர். சில நாள் கழித்துச் செய்தியாளர்கள் முன் பேசியபோது, தாம் காவலர்களை மதிப்பதையும், அவர்களைக் கண்டு அஞ்சுவதையும், அவர்களைக் காப்பாற்ற முடியாமல் போனதன் பாரத்தையும் ஒருசேரச் சொன்னார். மேசையில் கிடப்பவர் தம் தம்பியைப் போலவோ, இளவயதில் தம்மைப் போலவோ தோன்றும்போது, 'இது வேறொருவருடைய துயரம்' என்று விலகி நிற்பது கறுப்பின மருத்துவர்களுக்கு எளிதாக இருப்பதில்லை.

இதை ஒரு நோய் என்று சொல்லலாமா? எத்தனை பேருக்கு இது உண்டு?

2014ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், கேள்விகளுக்கு விடையளித்த அமெரிக்க ட்ராமா அறுவை மருத்துவர்களில் 40 விழுக்காட்டினரிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயின் அறிகுறிகள் காணப்பட்டன. 15 விழுக்காட்டினர் அந்நோய் உள்ளவர்கள் என்றே சொல்லத்தக்க அளவுக்குப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். காட்சிகள் அழையாமல் திரும்ப வருதல், தூக்கமின்மை, சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல், நெருங்கியவர்களிடமிருந்து விலகிப்போதல் ஆகியவை அதன் அடையாளங்கள்.

இதோடு பணிச்சோர்வையும், அறக்காயம் எனத்தக்க மற்றொன்றையும் பிரித்தறிவது நல்லது. வேலை மிகுதியால் வற்றிப்போவது பணிச்சோர்வு. நடக்கக்கூடாது என்று உள்மனம் அறிந்த ஒன்றை மீண்டும் மீண்டும் கண்டும் தடுக்க இயலாமல் நிற்பதால் ஏற்படுவது அறக்காயம். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே 1990களில் இக்கருத்தை விரித்துரைத்தார்; பிற்பாடு மருத்துவத் துறையினரும் தங்கள் நிலையை அதில் கண்டுகொண்டார்கள். என் பார்வையில் துப்பாக்கிக் காயங்களைக் கையாள்பவர்களின் துயரத்துக்கு மிகப் பொருந்துவது இந்த மூன்றாவதுதான். விடுமுறை தந்தால் சோர்வு தீரும். தடுத்திருக்கலாம் என்ற எண்ணம் விடுமுறையில் இன்னும் தெளிவாகத்தான் எழும்.

போர்க்கள மருத்துவர்களின் அனுபவத்தோடு இதை ஒப்பிடலாமா?

காயங்களின் அளவில் ஒப்பிடலாம். அமெரிக்க ராணுவமே தன் மருத்துவக் குழுக்களைப் போர்முனைக்கு அனுப்புமுன், மயாமி, பால்டிமோர் போன்ற நகரங்களின் ட்ராமா மையங்களில் பயிற்சி பெற அனுப்பி வந்திருக்கிறது. சொந்த நாட்டுத் தெருக்களில் போர்க்காயத்துக்குப் பயிற்சி கிடைக்கிறது என்பதை விடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

வேறுபாடும் பெரிது. 2009இல் வன்னியின் தற்காலிக மருத்துவமனைகளில், மயக்க மருந்துக்கும் ரத்தத்துக்கும் தட்டுப்பாடு நிலவிய நிலையில், எறிகணை விழும் தொலைவிலேயே உறுப்பகற்றும் அறுவைகளைச் செய்த தமிழ் மருத்துவர்களுக்கு மருந்தும் இல்லை, மாற்றிவிட வேறு மருத்துவமனையும் இல்லை. அமெரிக்க மருத்துவரிடம் எல்லாம் இருக்கிறது. ஆனால் அவருடைய போருக்கு முடிவு நாள் இல்லை.

மருத்துவர்கள் இதைப் பற்றிப் பொதுவெளியில் பேசுவது சரியா?

2018 நவம்பர் 7 அன்று, துப்பாக்கிக் காயங்களைத் தடுப்பது குறித்து மருத்துவர் அமைப்பு ஒன்று வெளியிட்ட அறிக்கைக்குப் பதிலாக, துப்பாக்கி வைத்திருக்கும் உரிமைக்காகக் குரல்கொடுக்கும் தேசியத் துப்பாக்கிச் சங்கம், மருத்துவர்கள் தங்கள் எல்லைக்குள் நிற்க வேண்டும் என்ற பொருளில் ஒரு பதிவிட்டது. ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் ரத்தம் படிந்த உடுப்புகளின், தரைகளின் படங்களை வெளியிட்டு, 'இதுவே எங்கள் எல்லை' என்று பதிலளித்தார்கள். அவ்வியக்கத்தை முன்னெடுத்தவர்களில் ஒருவர் ஜோசப் சக்ரான். 1994இல், 17 வயதில், பள்ளியின் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி முடிந்தபின் எங்கிருந்தோ வந்த குண்டு அவர் கழுத்தில் பாய்ந்து மூச்சுக்குழாயைக் கிழித்தது. பிழைத்தெழுந்த அவர் ட்ராமா அறுவை மருத்துவராகி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணிபுரிகிறார். அதே 2018 நவம்பர் 19 அன்று சிகாகோவில் ஒரு மருத்துவமனையில் நடந்த சூட்டில் ஓர் அவசரப் பிரிவு மருத்துவரும், இளம் மருந்தியல் பயிற்சியாளர் ஒருவரும், காவலர் ஒருவரும் கொல்லப்பட்டார்கள்.

பேசுவது சரிதானா என்ற கேள்விக்கு என் விடை, ஆம். அறக்காயத்துக்கு மௌனம் மருந்தாகாது. 1996இல் நிறைவேறிய ஒரு சட்டத்திருத்தத்தின் விளைவாக, துப்பாக்கி வன்முறை பற்றிய ஆய்வுக்கு நடுவண் அரசின் நிதி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏறக்குறைய வற்றிக்கிடந்தது. 2019 இறுதியில் 2.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டதற்கு மருத்துவர்களின் குரலும் ஒரு காரணம்.

இவர்கள் ஏன் எளிதில் உதவி கேட்பதில்லை?

அறுவை மருத்துவத்தில் தளராதவரே சிறந்தவர் என்ற மரபு வலுவானது. அதைவிடக் கண்கூடான தடை, மருத்துவத் தொழிலுக்கான உரிமம். பல மாநிலங்களில் உரிமத்துக்கும் மருத்துவமனையில் பணிபுரியும் அனுமதிக்கும் தரும் விண்ணப்பத்தில், மனநலச் சிகிச்சை பெற்றதுண்டா என்று கேட்டு வந்தார்கள். சிகிச்சைக்குப் போனால் தொழிலே போய்விடும் என்று அஞ்சியவர்கள் பலர். 2020 ஏப்ரலில், கொரோனா காலத்தின் உச்சத்தில், நியூயார்க்கின் அவசரப் பிரிவு மருத்துவர் லோர்னா பிரீன் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் பெயரால் 2022 மார்ச்சில் ஒரு சட்டம் நிறைவேறியது. மருத்துவப் பணியாளர்களின் மனநலத் திட்டங்களுக்கு நிதி கிடைக்க அது வழிவகுத்தது. அதன் பிறகு பல மாநிலங்கள் அக்கேள்விகளை நீக்கியோ திருத்தியோ வருகின்றன.

மருத்துவமனைக்குள் என்ன செய்தால் பயன் தெரிகிறது?

மிகச் சிறிய செயல்களே பல வேளைகளில் நிலைத்துப் பயன் தருகின்றன. வர்ஜீனியாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் செவிலியர் ஜோனதன் பார்ட்டல்ஸ் தொடங்கிவைத்த ஒரு வழக்கம் இன்று பல இடங்களில் உண்டு: நோயாளி இறந்ததும் யாரும் கலைந்து போகாமல், இவர் ஒருவரின் அன்புக்குரியவராக இருந்தவர் என்று ஒருவர் சொல்ல, அனைவரும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக மௌனமாக நிற்கிறார்கள். உடனே அடுத்த படுக்கைக்கு ஓட வேண்டியவர்களுக்கு அந்த அளவு நேரமாவது துக்கத்துக்கெனக் கிடைக்கிறது.

இறந்தவர்களின் சிகிச்சையைப் பற்றி ஆய்வுக் கூட்டம் நடத்துவது இம்மையங்களில் வழக்கம். அதில் எங்கே தவறு நேர்ந்தது என்று மட்டும் கேட்காமல், அக்குழுவினர் எப்படி இருக்கிறார்கள் என்றும் மூத்தவர் ஒருவர் கேட்டுவிட்டால், இளையோர் வாய்திறக்கிறார்கள். கடுமையான இரவுக்குப் பிறகு அதே துறையைச் சேர்ந்த பயிற்சிபெற்ற சகமருத்துவர் ஒருவர் தாமாகவே தேடிவந்து பேசும் ஏற்பாடு, 'வேண்டுமானால் ஆலோசகரை அழையுங்கள்' என்று எண் எழுதிய சுவரொட்டியை விடப் பன்மடங்கு பயன் தருகிறது. தொடர் இரவுப் பணிகளைக் குறைப்பதும் அவசியம். யோகா வகுப்பும் மனப்பயிற்சிச் செயலியும் மட்டும் தந்துவிட்டு, ஆள் பற்றாக்குறையை அப்படியே விட்டுவைக்கும் நிர்வாகம், பாரத்தை மீண்டும் அந்த மருத்துவரின் தோள்மேலேயே ஏற்றுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் இவர்கள் இந்த வேலையில் நீடிக்கிறார்கள்?

இதயத் துடிப்போடு வந்து சேர்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள் என்பதால். ஆறு மாதம் கழித்து வெளிநோயாளர் பிரிவுக்கு நடந்து வந்து, தழும்பைக் காட்டிச் சிரிக்கும் ஒருவரைப் போல ஈர்க்கக்கூடியது இத்தொழிலில் வேறு எதுவும் இல்லை.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

வந்ததும் 'இன்று எப்படி இருந்தது?' என்று துருவ வேண்டாம். பேச வரும்போது அவசரமின்றிக் கேட்டால் போதும். காயங்களின் விவரம் சொல்லாமல் மறைப்பது உங்களைக் காப்பதற்காக என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி அவர்கள் மிகையாகக் கவலைப்பட்டால் கேலி செய்யாதீர்கள். அவர்கள் கண்டது நீங்கள் காணாதது. தூக்கம் வாரக்கணக்கில் கெட்டுப்போனாலோ, மதுவின் அளவு கூடினாலோ, 'நான் இல்லாவிட்டால் என்ன' என்ற தொனி பேச்சில் எட்டிப்பார்த்தாலோ, அதைக் களைப்பு என்று ஒதுக்கிவிடாமல் நேராகக் கேளுங்கள். தற்கொலையைப் பற்றி வெளிப்படையாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. அமெரிக்காவில் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988இல் எந்நேரமும் பேசலாம். மருத்துவர்களுக்கென்றே மனநல மருத்துவர்கள் தன்னார்வத்துடன் விடையளிக்கும் தொலைபேசிச் சேவை ஒன்றும் 2020ஆம் ஆண்டு அங்கே தொடங்கப்பட்டது; அதற்கு முன்பதிவு தேவையில்லை, கட்டணமும் இல்லை, பேசியது வெளியே போவதும் இல்லை.